மஞ்சள் மேசைவிரிப்பு

மூன்று கப்பல்களைச் சமையலறை மேசையில் விரித்தோம்.
மாடி மாடியாக, தீப்பெட்டி தீப்பெட்டியாக அறைகள்.
துல்லியோ ஒன்றின் மேல் பாலைக் கொட்டினான்.
இரண்டு கப்பல்கள் மிஞ்சின.

மொன்ஃபால்கோனே கப்பல் பட்டறையில்
லிவியோ இருபத்தோரு வருட வெல்டர்.
உனக்கென்ன நெரீனா, என்றார்கள் மருந்துக்கடையில்,
கட்டினவனே கூட வருகிறான்.

கட்டினவனோடு அறை தேடிப் பார்க்கட்டும் அவர்கள்.

பதினோராம் மாடி?
“மேலே நீச்சல்குளம். விடியுமுன்
நாற்காலிகளை இழுக்கத் தொடங்குவார்கள்.”
நாலாம் மாடி, முன்பக்கம்?
“நங்கூரச் சங்கிலி உன் தலைமாட்டில் இறங்கும்.
துறைமுகத்துக்குத் துறைமுகம் பல் கூசும்.”
பின்பக்கம்?
“அதிரும்.”
நடுவில்?
“நடுவில் விலை.”

வழியிலும் சண்டை.
ஒந்தீனாவுக்குக் கோர்ஃபு; அங்கே ஆமைகள் உண்டென்று யாரோ சொன்னார்களாம்.
நாத்தனார் எதீத்தாவுக்குக் கழுதை ஏறாத தீவு எதுவானாலும் சரி.
துல்லியோவுக்கு ஊர் எதுவும் வேண்டாம்,
சறுக்குக்குழாய் மட்டும் போதும்,
அது கப்பலை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

நான் கேட்டது ஒரு பால்கனி.
தெருக்கோடியில் ஒவ்வொரு கப்பலும்
ஒரு வருடம், ஒன்றரை வருடம்
எங்கள் வெயிலை மறைத்துக்கொண்டு வளரும்.
ஒருநாள் காலை போய்விடும்.
சமையலறைக்கு வெளிச்சம் திரும்பும்.
லிவியோ அந்த வாரம் முழுக்க
உப்பு கேட்பதற்கு மட்டும் வாயைத் திறப்பார்.
போகிற கப்பல்களைத்
துணி காயப்போட்டபடியே பார்த்தவள் நான்.
ஒரு தடவை அங்கிருந்து இங்கே பார்க்க வேண்டும்.

மின்கட்டண ரசீதின் பின்பக்கம் கூட்டிக் கழித்தோம்.
பால்கனிக்கும் பால்கனி இல்லாததற்கும் நடுவே
எங்கள் காரின் புது கிளட்ச் இருந்தது.

அவர் விரல் ஏழாம் மாடியில் நின்றது.
உள்ளறை. ஜன்னல் கிடையாது.
“இது.”
மேலே என்ன?
“காற்றுக்குழாய். அதைத் தாங்கும் இரும்பு நான் ஒட்டியது.”
சத்தம் வராதே?
அவருடைய தாயைத் திட்டியதுபோல் என்னைப் பார்த்தார்.
பணம் கட்டினேன்.

செப்டம்பரில் திரியெஸ்தேயில் ஏறினோம்.
எதீத்தாவுக்கு எதிர் அறை. எங்களுக்கு நாலு படுக்கை,
இரண்டு சுவரிலிருந்து இறங்கின.
விளக்கை அணைத்தால்
கண்ணைத் திறந்ததும் மூடியதும் ஒன்றே.
“கடல் எந்தப் பக்கம்?” என்றாள் ஒந்தீனா.
லிவியோ செருப்போடு கட்டிலில் ஏறி
விரல் முட்டியால் கூரையைத் தட்டினார்,
காதை வைத்தார், நகர்ந்தார், மறுபடி தட்டினார்.
பயணத்தில் அவர் சிரித்த முதல் சிரிப்பு அது.

ஊதல் ஒலித்ததும்
எதீத்தாவின் நாடகக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு
மேல்தட்டுக்கு ஓடினேன்.
வீட்டைப் பூட்டுமுன்
எங்கள் கொடியில் மஞ்சள் மேசைவிரிப்பைக் கட்டியிருந்தேன்,
நாலு முனையிலும் இரண்டிரண்டு கிளிப்.

வளைகுடாவின் மறுகரையில்
பட்டறையின் பெரிய பளுதூக்கி தெரிந்தது,
கதவு இல்லாத வாசல்போல.
அதன் கீழே ரொட்டித் துணுக்குகளாய்க் கூரைகள்.
மஞ்சள் எங்கே?
“அதோ,” என்றான் துல்லியோ, மீன்பிடிப் படகைக் காட்டி.
லிவியோ மூச்சிரைக்க வந்து
கண்ணாடியை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.
தெரிகிறதா?
“புதுசுக்கு அடிப்பாகம் இறக்கிவிட்டார்கள்,” என்றார்.
“நான் இல்லாமல்.”

கூரைகள் கரைந்தன. பளுதூக்கியும் குச்சியானது.
கைபேசி துடித்தது. கீழ்வீட்டு லொரெதானா:

மேகம் கறுத்தது, நெரீனா.
உன் விரிப்பை எடுத்துவிட்டேன்.
காபிக் கறை ஒன்று இருந்தது, ஊறவைத்திருக்கிறேன்.
நிம்மதியாகப் போய் வா.